வீட்டுல ஸ்டேக் போட கறிய எப்படி ஊற வைக்கிறது: சேலம் வெயிலுக்கும் ஏற்காடு குளிருக்கும்

ஸ்டேக்குன்னா கனமா வெட்டின கறித்துண்ட அப்படியே சுட்டு எடுக்குறது. ஸ்டேக்குன்னாலே மசாலா தடவி ராத்திரி பூரா ஊற வச்சா தானா மெத்துன்னு ஆயிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது பாதிதாங்க சரி. ஊற வைக்கிற மசாலா கறிக்குள்ள ஒரு சில மில்லிமீட்டர்தான் போகும், உப்பு மட்டும்தான் அதையும் தாண்டி உள்ள இறங்கும், பூண்டு மிளகு எலுமிச்சை எல்லாம் மேலயே நின்னுடும். அதனால ஊற வைக்கிறது மேல் பக்கத்து ருசிக்கும் உப்பு உள்ள இறங்குறதுக்கும், மெத்துன்னு வர்றது எந்த இடத்து கறி வாங்குறோம், எப்படி வெட்டுறோம், எந்த சூட்டுல நிறுத்துறோம் இந்த மூணுலதான் இருக்கு. இத மனசுல வச்சுகிட்டா மத்ததெல்லாம் ஈசி.

முதல்ல கறி. நம்ம ஊர் கடைல கிடைக்கிறது பெரும்பாலும் எருமைக் கறி, கொழுப்பு வெள்ளையா இருக்கும், கறி நல்ல கருஞ்சிவப்பா இருக்கும், நார் கொஞ்சம் முரடு, உள்ள கொழுப்பு ரொம்ப கம்மி. வெளிநாட்டு வீடியோல வர்ற மாதிரி கறிக்குள்ள வெள்ளை வெள்ளையா கொழுப்பு ஓடியிருக்காது, அதனால அவங்க சொல்ற டைமும் அவங்க சொல்ற எண்ணெய் அளவும் நமக்கு அப்படியே ஒத்து வராது. கடைல போய் "அண்ணா அண்டர்கட் இருக்குங்களா"ன்னு கேளுங்க, முதுகெலும்புக்கு உள்பக்கம் நீளமா இருக்கும் பாருங்க, அந்த மாடு அதிகம் வேலை வாங்காத சதை அது, அதான் மெத்து. ஒரு மாட்டுல கொஞ்சம்தான் வரும்ங்கறதால காலைலயே போய்டணும், இல்லன்னா முந்தின நாளே சொல்லி வச்சுடணும். கிடைக்கலன்னா தொடைக்கறி எலும்பில்லாம வாங்கலாம், ஆனா அதுக்கு வேற மாதிரி ஊற வைக்கணும், கீழ சொல்றேன்.

முக்கியமா ஒண்ணு, கடைல "வெட்டாம முழுசா குடுங்க"ன்னு சொல்லிடுங்க. அவங்களுக்கு குழம்புக்கு வெட்டித்தான் பழக்கம், நீங்க வாய திறக்குறதுக்குள்ள கட்டைல போட்டு கத்தி இறங்கிடும். முழுத்துண்டா வாங்கிட்டு வந்து வீட்டுல ஃப்ரீசர்ல ஒரு அரை மணி முக்கா மணி நேரம் வச்சீங்கன்னா லேசா கெட்டியாகும், அப்ப கத்தி போட்டா ஒரே கனத்துல வெட்டலாம். கனம் 2 செ.மீ.ல இருந்து 2.5 செ.மீ. வரைக்கும் இருக்கட்டும், அதுக்கு கம்மியா வெட்டினா மேல சிவக்குறதுக்குள்ள உள்ள முழுசா வெந்து காஞ்சு போயிடும். மேல இருக்குற வெள்ளை ஜவ்வு இருக்கு பாருங்க, அத கத்தி முனைய உள்ள விட்டு உரிச்சு எடுத்துடுங்க, அது எவ்வளவு ஊற வச்சாலும் கரையாது, சூடு பட்டா சுருங்கி கறிய வளைச்சுடும்.

வெட்டும்போது நார் எந்தப்பக்கம் ஓடுதுன்னு பாத்துட்டு அதுக்கு குறுக்கால கத்தி வைங்க. நாரோட சேர்ந்து நீளமா வெட்டினா வாயில போட்டா நார் நாரா வரும், குறுக்கால வெட்டினா அந்த நார் எல்லாம் துண்டு துண்டா ஆயிடும், பல்லுக்கு வேலையே இல்ல. ஒரு பாக்கெட் மசாலா செய்யாத வேலைய இந்த ஒரு வெட்டு செஞ்சுடும்னு நான் உறுதியா சொல்வேன்.

அப்புறம் நம்ம ஊர்ல காலைல அறுத்து காலைலயே விக்கிறாங்க. குழம்புக்கு அது நல்லது, குக்கர்ல விசில் விட்டு வேக வச்சுடுவோம். ஸ்டேக்குக்கு அது சரிப்படாது, ஏன்னா அறுத்த கொஞ்ச நேரத்துலயே சதை இறுக ஆரம்பிக்கும், அந்த இறுக்கம் விட ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும். அதனால சனிக்கிழமை போடணும்னா வெள்ளிக்கிழமை காலைலயே வாங்கிட்டு வந்து ஃப்ரிட்ஜ்ல மூடி வச்சுடுங்க, அந்த ஒரு நாள் ஓய்வே பாதி வேலைய முடிச்சுடும். வாங்கின கையோட அடுப்புல போட்டுட்டு "கறி சரியில்ல"ன்னு கடைக்காரர திட்டுறது நியாயமில்லைங்க.

கழுவுறது பத்தி. நம்ம வீடுகள்ல கறின்னா மஞ்சத்தூள் போட்டு மூணு தண்ணி கழுவித்தான் பழக்கம், ஸ்டேக்குக்கு கழுவ வேண்டிய அவசியமே இல்ல, கழுவுனா சிங்க் பூரா தண்ணி தெறிச்சு கிருமிதான் பரவும், கறியும் தண்ணிய பிடிச்சுக்கும். டிஷ்யூ பேப்பரால நல்லா ஒத்தி எடுத்தா போதும். அம்மாவோ மாமியாரோ கழுவாம விட மாட்டாங்கன்னா முழுத்துண்டா இருக்கும்போதே ஒரு தண்ணி மெதுவா கழுவி நல்லா வடியவிட்டு துடைச்சுட்டு அப்புறம் வெட்டுங்க, கழுவின சிங்க்கையும் சோப்பு போட்டு கழுவிடுங்க.

இப்ப ஊற வைக்கிறதுக்கு வருவோம். அரைக் கிலோ கறிக்கு நான் போடுற அளவு: கடலெண்ணெய் ரெண்டு டேபிள்ஸ்பூன், மிளகு ஒன்றரை டீஸ்பூன் ஒண்ணு ரெண்டா தட்டினது, பூண்டு ஆறு பல் நசுக்கினது, இஞ்சி ஒரு சின்ன துண்டு துருவினது, எலுமிச்சை அரை மூடி, சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், தூள் உப்பு அரை டீஸ்பூன், பொடிச்ச வெல்லம் அரை டீஸ்பூன். சோயா சாஸ் வேணாம்னா உப்ப முக்கா டீஸ்பூனாக்கிக்கோங்க. உப்புக்கு ஒரு கணக்கு சொல்றேன், கறி எடைல நூத்துல ஒரு பங்கு, அதாவது அரைக் கிலோவுக்கு 5 கிராம், சோயா சாஸ்லயே ஒரு டேபிள்ஸ்பூனுக்கு ரெண்டு கிராமுக்கு மேல உப்பு இருக்கும்ங்கறதால அத கழிச்சுதான் போடணும். நிறைய பேர் சோயா சாஸும் ஊத்தி உப்பும் முழுசா போட்டு கருவாடு ஆக்கிடுறாங்க.

மிளகு நம்ம ஏற்காட்டு மிளகா இருந்தா ரொம்ப நல்லது, அங்க காபித் தோட்டத்துல நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்துலயே மிளகுக் கொடிய ஏத்தி விட்டிருப்பாங்க, மேல போறப்ப வாங்கி வச்சுக்கோங்க. பாக்கெட் மிளகுத்தூள் வேண்டாம், தட்டின உடனே வர்ற வாசனை அதுல இருக்காது, அதுவும் மாவா இருக்கறதால சூட்டுல சீக்கிரம் கருகும். எண்ணெய் எதுக்குன்னா மிளகு பூண்டோட வாசனையும் காரமும் பெரும்பாலும் எண்ணெய்லதான் கரையும், தண்ணில இல்ல, நம்ம கறில கொழுப்பும் கம்மி, அதனால எண்ணெய்ய கஞ்சத்தனம் பண்ணாதீங்க. வெல்லம் இனிப்புக்கு இல்ல, மேல நல்லா சிவக்குறதுக்கு, ஓமலூர் பக்கம் காய்ச்சுற வெல்லம் வீட்டுல இருந்தா அதையே பொடிச்சுக்கலாம், ஆனா அரை டீஸ்பூனுக்கு மேல போனா கரி அடுப்புல கருகி கசக்கும்.

புளிப்பு விஷயத்துலதான் எல்லாரும் அதிகமா போயிடுறாங்க. எலுமிச்சை, வினிகர் ரெண்டுமே கறியோட மேல் பக்கத்துல இருக்குற புரதத்த சூடே இல்லாம மாத்திடும், கொஞ்ச நேரம்னா நல்லது, ராத்திரி பூரா விட்டா மேல சாம்பல் நிறமா ஆகி, மாவு மாதிரி சொரசொரன்னு வரும், உள்ள அப்படியே பச்சையா இருக்கும். அதனால எலுமிச்சை போட்டா ரெண்டு மணில இருந்து நாலு மணி நேரம் போதும். ராத்திரி ஊற வச்சே ஆகணும்னா எலுமிச்சைய விட்டுட்டு மத்தது எல்லாம் போட்டு வைங்க, அடுப்புல வைக்கிறதுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி எலுமிச்சைய பிழிஞ்சு விட்டா சரியா இருக்கும். சீசன்ல ஏற்காட்டு கமலா ஆரஞ்சு கிடைச்சா எலுமிச்சைக்கு பதிலா அந்தச் சாறு ரெண்டு டேபிள்ஸ்பூன் ஊத்திப் பாருங்க, புளிப்பு லேசா இருக்கும், வெல்லமும் தேவைப்படாது.

தொடைக்கறி வாங்கினவங்களுக்கு தயிர்தான் என்னோட சாய்ஸ். தயிர்ல இருக்குற புளிப்பு மென்மையானது, ராத்திரி பூரா வச்சாலும் கறிய கெடுக்காது, அரைக் கிலோவுக்கு கெட்டித் தயிர் கால் கப், துணில கட்டி தண்ணி வடிச்சு எடுத்துக்கோங்க. வெயில் காலத்துல சேலத்துல காலைல உறை ஊத்தினது மத்தியானத்துக்கே நல்லா புளிச்சுடும், அந்தப் புளிச்ச தயிர் இதுக்கு வேணாம். தயிர் போட்டா சோயா சாஸும் எலுமிச்சையும் வேணாம், அந்த இடத்துல மல்லியும் சீரகமும் வறுத்து ஒண்ணு ரெண்டா இடிச்சு போடுங்க.

பப்பாளிக்காய். இத பத்தி தனியா சொல்லணும், ஏன்னா கல்யாண வீட்டு சமையல்காரர் சொன்னார்னு ஒரு கப் அரைச்சு ஊத்துறவங்க இருக்காங்க. பச்சைப் பப்பாளில இருக்குற பால்ல ஒரு என்சைம் இருக்கு, பப்பைன்னு பேரு, அது புரதத்தையே வெட்டும். ஃப்ரிட்ஜ்ல மெதுவாத்தான் வேலை செய்யும், ஆனா அடுப்புல வச்சு கறி சூடாகும்போது 50 டிகிரி தாண்டினா வேகமா வேலை செய்ய ஆரம்பிக்கும், அதனாலதான் ஊறும்போது ஒண்ணும் தெரியாம இருந்துட்டு வேகும்போது மேல் பக்கம் கூழாயிடுது. அரைக் கிலோ தொடைக்கறிக்கு தோலோட அரைச்ச விழுது அரை டேபிள்ஸ்பூன், அரை மணி நேரம், அவ்வளவுதான், அப்புறம் வழிச்சு எடுத்துடணும். அண்டர்கட்டுக்கு பப்பாளி போடவே கூடாது. அன்னாசியும் அதே வேலைய செய்யும், இஞ்சிலயும் அந்த மாதிரி ஒரு என்சைம் இருக்கு, அதனாலதான் மேல இஞ்சிய ஒரு சின்ன துண்டோட நிறுத்தினேன். டின்ல அடைச்ச அன்னாசி வேலைக்கு ஆகாது, டின்ல போடும்போது சூடு பண்ணுறதுல அந்த என்சைம் செத்துடும்.

பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ பீங்கானோ இருக்கட்டும், அலுமினியம் மட்டும் வேணாம், புளிப்பு பட்டா ருசி மாறும். எனக்கு ஜிப் கவர்தான் பிடிக்கும், கறியும் மசாலாவும் போட்டு காத்த அமுக்கி வெளிய தள்ளிட்டு மூடினா கொஞ்சம் மசாலாவே எல்லா பக்கமும் ஒட்டும், நடுவுல ஒரு தடவை திருப்பி விட்டா போதும். ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல ஒரு தட்டு மேல வைங்க, மேல்தட்டுல வச்சு ஒழுகினா கீழ இருக்குற மாவு, காய் எல்லாத்துலயும் பச்சைக்கறித் தண்ணி விழும்.

ஊற வைக்கிறது எப்பவுமே ஃப்ரிட்ஜ்லதான், சமையல்மேடைல இல்ல. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி வேகமா பெருகும், சாதாரணமா ரெண்டு மணி நேரம் வெளிய இருக்கலாம்னு சொல்வாங்க, ஆனா 32 டிகிரி தாண்டின வெயில்ல அது ஒரு மணி நேரம்தான், சேலத்துல ஏப்ரல் மே மாசம் சமையல்கட்டு எவ்வளவு கொதிக்கும்னு உங்களுக்கே தெரியும். கரண்ட் போனா ஃப்ரிட்ஜ் கதவ திறக்காம விட்டா நாலு மணி நேரம் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல போச்சுன்னா அந்தக் கறிய சாப்பிட வேணாம். ஏற்காட்டுல குளிருதேன்னு வெளிய வைக்கிறவங்களும் இருக்காங்க, 1,500 மீட்டர் உயரம்தான், ராத்திரி குளிர் ஃப்ரிட்ஜ் குளிரு கிடையாது, அங்கயும் ஃப்ரிட்ஜ்தான்.

இன்னொரு வகையும் இருக்கு, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது, காபித்தூள். ஏற்காட்டு காபி சிக்கரி கலக்காதது நைசா அரைச்சது ஒரு டீஸ்பூன், தட்டின மிளகு ஒரு டீஸ்பூன், உப்பு முக்கா டீஸ்பூன், வெல்லம் அரை டீஸ்பூன், எண்ணெய் புளிப்பு எதுவும் இல்லாம அப்படியே காஞ்ச பொடியா அரைக் கிலோ கறி மேல தேய்ச்சு ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல மூடாம வைங்க. முதல்ல உப்பு தண்ணிய வெளிய இழுக்கும், கறி மேல வேர்த்த மாதிரி இருக்கும், முக்கா மணி நேரத்துக்கு மேல ஆனா அந்தத் தண்ணி உப்போட திரும்ப உள்ள போயிடும். அதனால உப்பு போட்ட பத்து நிமிஷம் கால் மணில அடுப்புல வைக்காதீங்க, ஒண்ணு போட்ட உடனே வைங்க, இல்ல முக்கா மணி நேரம் பொறுங்க. காபி வாசனை தனியா தெரியாது, கறியோட ருசியவே இன்னும் ஆழமா காட்டும், மேல கருஞ்சிவப்பா ஒரு ஓடு வரும்.

அடுப்புக்கு போறதுக்கு முன்னாடி ஒரு இருபது நிமிஷம் வெளிய எடுத்து வச்சு, மேல ஒட்டியிருக்குற பூண்டு இஞ்சி எல்லாத்தையும் வழிச்சுட்டு டிஷ்யூவால நல்லா ஒத்தி எடுங்க. ருசி எல்லாம் போயிடுமேன்னு பயப்படாதீங்க, போக வேண்டியது உள்ள போயாச்சு. ஈரமா போட்டா சூடு எல்லாம் அந்த ஈரத்த ஆவியாக்குறதுக்கே செலவாகும், கறி சிவக்கணும்னா மேல் பக்கம் 140 டிகிரி கிட்ட போகணும், தண்ணி இருக்குற வரைக்கும் 100ஐ தாண்டாது. துடைச்சுட்டு லேசா எண்ணெய் தடவிக்கோங்க. ஊறின மசாலாவ மேல பூசணும்னா நல்லா கொதிக்க வச்சுட்டுதான் பூசணும், பச்சைக்கறி ஊறின தண்ணி அது.

வீட்டுல ஓடிஜி (கரண்ட்ல ஓடுற சின்ன அவன்) இருந்தா மேல் ராட் மட்டும் எரியிற மோட்ல வச்சு 230ல இருந்து 250க்கு பதினஞ்சு நிமிஷம் காலியா சூடு பண்ணுங்க. கம்பி ரேக்க மேல் ராடுக்கு ஒரு எட்டு செ.மீ. கீழ வர்ற மாதிரி மாட்டி கீழ ட்ரேல கொஞ்சம் தண்ணி ஊத்தி வைங்க, சொட்டுற கொழுப்பு புகையாம இருக்கும். ஒரு பக்கம் அஞ்சு நிமிஷம், திருப்பி நாலுல இருந்து அஞ்சு நிமிஷம், அப்புறம் பாருங்க. மைக்ரோவேவ்ல கிரில் மோட் இருந்தா அது கூட வந்த ஸ்டாண்ட் மேல வச்சு செய்யலாம், மைக்ரோ மோட்ல மட்டும் போடாதீங்க, வேகும் ஆனா சிவக்காது. ஒண்ணுமே இல்லன்னா கனமான இரும்பு தோசைக்கல்லு போதும், புகை வர்ற வரைக்கும் காய விட்டு போடுங்க, ஜன்னல திறந்துட்டு.

கரி அடுப்புன்னா சீமைக்கருவேல மரக்கரி போதும், அதுதான் நம்ம பக்கம் ஈசியா கிடைக்கும், நின்னு எரியும். மண்ணெண்ணெய் ஊத்தி பத்த வைக்காதீங்க, கறில அந்த வாடை ஏறிடும், தேங்கா நாரும் சிரட்டையும் வச்சு பத்த வச்சா போதும். கரி மேல வெள்ளையா சாம்பல் பூக்குற வரைக்கும் பொறுங்க. அப்புறம் கரிய ஒரு பக்கமா ஒதுக்கி வைங்க, சூடான பக்கம் சிவக்க விட்டு கரி இல்லாத பக்கம் நகர்த்தி உள்ள வேக விடலாம். ஏற்காட்டுல மேகம் இறங்கி காத்தும் அடிச்சா சூடு நிக்காது, ஒரு மறைப்பு வச்சு கொஞ்சம் கூடுதல் நேரம் குடுங்க. ஆனா குளிருதுன்னு, மழை வருதுன்னு கரி அடுப்ப ரூமுக்குள்ளயோ கூடாரத்துக்குள்ளயோ தயவுசெஞ்சு கொண்டு போகாதீங்க. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாடையே கிடையாது, தூங்கினவங்க எழுந்திருக்க மாட்டாங்க. அணைஞ்ச மாதிரி தெரியிற கரிலயும் வரும், தண்ணி ஊத்தி முழுசா அணைச்சுட்டு வெளியவே விட்டுட்டு வாங்க.

எப்ப நிறுத்துறது? சமையல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க, குத்திப் பாக்குற டைப், இதுக்கு மேல நல்ல செலவு சமையல்கட்டுல இல்ல. பக்கவாட்டுல இருந்து நடுவுக்கு குத்துங்க. 63 வந்ததும் எடுத்து தட்டுல வச்சு அஞ்சாறு நிமிஷம் விடுங்க, முழுத்துண்டு கறிக்கு 63 டிகிரியும் மூணு நிமிஷ ஓய்வும் பாதுகாப்பான அளவு, வராட்டி திரும்ப ஒரு நிமிஷம் வைங்க. நடுவுல லேசா ரோஸ் கலர் இருக்கும், அது ரத்தம் இல்ல, சதைல இருக்குற மயோகுளோபின்னு ஒரு நிறமி கலந்த தண்ணி. வெளிநாட்டு ஓட்டல்ல மாதிரி 52 டிகிரில சிவப்பா சாப்பிடணும்னு ஆசைப்பட்டு நம்ம கடைக் கறில முயற்சி பண்ண வேணாம், நாடாப்புழு பயம் இருக்கு. அதே மாதிரி பயந்துகிட்டு 75க்கு கொண்டு போனீங்கன்னா கொழுப்பில்லாத எருமைக் கறி இறுகிடும், எவ்வளவு ஊற வச்சிருந்தாலும் திரும்பாது. கர்ப்பமா இருக்கிறவங்களுக்கும் சின்னக் குழந்தைங்களுக்கும் வயசானவங்களுக்கும் மட்டும் முழுசா வேக வச்சே குடுங்க, அவங்களுக்கு மெல்லிசா வெட்டிக் குடுத்துட்டா கஷ்டம் இல்ல.

மாட்டுக்கறி சாப்பிடாத வீட்டுல இதே மசாலாவ ஆட்டுத் தொடைல எலும்பில்லாம வெட்டின துண்டுக்கும் போடலாம், அளவு அதேதான், துண்டு சின்னதா இருக்கும்ங்கறதால ஊறுறது ரெண்டு மணி நேரம் போதும். கோழிக்கு மட்டும் இந்த 63 கணக்கு கிடையாது, அது 74 வரணும்.

தட்டுல வச்சதும் உடனே வெட்டினா சாறு எல்லாம் பலகைல ஓடிடும், அந்த அஞ்சாறு நிமிஷம் பொறுத்துதான் ஆகணும். தொடைக்கறின்னா பரிமாறும்போதும் திரும்ப நாருக்கு குறுக்கால விரல் கனத்துக்கு சாய்வா வெட்டி வைங்க, தட்டுல ஓடின சாற மேலயே ஊத்துங்க. கூட சின்ன வெங்காயம் தோலோட சுட்டது, வேக வச்சு நெய்ல பிரட்டின உருளை, மாங்கா சீசன்னா மாங்காயும் பச்சை மிளகாயும் துருவி உப்பு போட்டது ஒரு ஸ்பூன், இது போதும். மிச்சம் ஆனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள, வெயில் காலம்னா ஒரு மணி நேரத்துக்குள்ள, ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, மூணு நாளைக்குள்ள மெல்லிசா நறுக்கி வெங்காயம் கறிவேப்பிலை வதக்கி கடைசில ரெண்டு நிமிஷம் மட்டும் போட்டு சூடு பறக்க பிரட்டினா காலைத் தோசைக்கு சரியா இருக்கும்.